தாயாரம்மா ரூமும் அண்ணன் எழுதிய ஒரு வரியும்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிவிட்டது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், தொட்டிச் சந்து மக்களுக்கும், பீன்யாவிலிருந்து வந்திருக்கும் அண்ணனின் தொழிற்சாலை நண்பர்களுக்கும் என் வணக்கம். எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். சாப்பிட்ட பிறகு இந்த நினைவு மலரைப் படியுங்கள். முன்னால் படித்தால் சிலருக்குச் சோறு இறங்காது.

நம் சந்தில் வீட்டுக்கு வீடு பீரோவிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் நினைவு மலர்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் அண்ணன் எழுதிக் கொடுத்தவை. ஊருக்கெல்லாம் எழுதியவருக்கு எழுத ஆள் இல்லாமல் கடைசியில் வேலை என்னிடம் வந்தது. "நீயே எழுதும்மா. அவரப் பத்தி உனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று அண்ணி சொல்லிவிட்டார். தெரிந்ததை எல்லாம் எழுதலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அண்ணன் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடு ஒன்றில். அப்பா பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். பூர்வீகம் குடியாத்தம் பக்கம். அண்ணனுக்கு எட்டு வயது இருக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு கெட்டுப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார். இனி அங்கே பிழைப்பு இல்லை என்றானதும் அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நம் சந்துக்கு, தாய்மாமன் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்போது சந்தின் முனையில் ஜட்கா வண்டிக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டி இன்னும் இருந்ததாம். நான் பிறந்தது அதன் பிறகு, இந்தச் சந்தில்.

அப்பா அதிக நாள் இருக்கவில்லை. அவருடைய பதினாறாம் நாள் காரியத்தில் நடந்த ஒன்றை அண்ணன் சாகும்வரை மறக்கவில்லை. பிண்டம் வைக்கும்போது காரியம் செய்ய வந்தவர் மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்டார். அப்பாவின் பெயர் தெரியும். தாத்தாவின் பெயர் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தார், மாமா வானத்தைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ, "முனுசாமின்னு சொல்லிடுப்பா, நம்மள்ல பாதிப் பேருக்கு அதான் பேரு" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. அண்ணனும் முனுசாமி என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டு, "யாரோ ஒருத்தருக்குச் சோறு வெச்சுட்டு வந்துட்டேம்மா" என்று அழுதாராம். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. அம்மா இதைப் பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அந்த மாதமே ஒரு நோட்டு வாங்கினார். பிறகு அது பல நோட்டுகளாகப் பெருகியது.

அண்ணன் பத்தாவது முடித்து, ஐடிஐயில் படித்து, பீன்யாவில் ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு பஸ் மாறிப் போய் இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு நூலளவு தவறினாலும் செய்த பொருளைத் தள்ளிவிடுகிற வேலை அது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. சுவரில் படம் மாட்டினால் அளவுகோல் எடுப்பார். குழம்பில் உப்பு கூடினால் "பீஸ் ரிஜெக்ட்" என்பார். அண்ணி கரண்டியைக் காட்டினால் பேசாமல் சாப்பிடுவார்.

அவர் எப்படிச் சந்தின் சரித்திரத்தைச் சேர்த்தார் என்பதை இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சாவு விழுந்த வீட்டுக்கு முதல் நாள் துக்கம் விசாரிக்க மட்டும் போவார், எதையும் கேட்க மாட்டார். பதினாறாம் நாள் போகும்போது சட்டைப் பையில் நோட்டு இருக்கும். ஆம்பூர், ஆற்காடு, தங்கவயல் என்று எங்கெங்கோ இருக்கிற உறவுகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் சேருவது அன்றைக்குத்தானே. சாப்பிட்டு வெற்றிலை போடும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்காருவார். உங்கள் அப்பா எந்த வருஷம் வந்தார், எந்தக் கதவு எண், முதலில் யாரிடம் வேலை, சந்தில் குழாய் போடும் முன் தண்ணீர் எங்கே எடுத்தீர்கள் என்று மெல்லக் கேட்பார். ஒருவர் சொன்னதைப் பென்சிலில் எழுதுவார். அதையே இன்னொரு வீட்டைச் சேர்ந்த இன்னொருவர் சொன்ன பிறகுதான் அதன் மேல் பேனாவால் மை போட்டு எழுதுவார். இரண்டு வாய் சொன்னால் மை, ஒரு வாய் சொன்னால் பென்சில். கிறிஸ்தவர் வீட்டு ஜெபக் கூட்டமானாலும், தங்கவயலில் புத்த மார்க்கத்துக்குப் போன நம் சித்தப்பா வீட்டுச் சடங்கானாலும் இதே முறைதான்.

கேலிக்கும் குறைவில்லை. அண்ணன் நோட்டோடு தெருவில் வந்தால், "எனக்கு இன்னும் நாடி ஓடுதுப்பா, அடுத்த வருஷம் வா" என்று வாசலில் இருந்தே கும்பிடுவார்கள். அண்ணிக்கு வேறு வருத்தம். "செத்தவங்க வீட்டுக்கு மொத ஆளா போவாரு. உசுரோட இருக்கறவங்களுக்கு அரிசி வாங்கியாரச் சொன்னா மறந்துடுவாரு" என்பார். அது உண்மை. மகளின் பள்ளிக்கூட விழாவை மறந்துவிட்டு லிங்கராஜபுரத்தில் யாருடைய கொள்ளுத்தாத்தாவையோ தேடிக்கொண்டிருந்த நாளும் உண்டு. அந்தக் குழந்தை மேடையில் நின்று கூட்டத்தில் அப்பாவைத் தேடியது. மலரில் நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம் என்றாலும் இதையும் எழுதிவைக்கிறேன்.

இப்படிக் கேட்டுக் கேட்டு எழுதியவர் என்பதால்தான், யார் வீட்டில் சாவு நடந்தாலும் மலருக்கு எழுதித் தரும்படி அண்ணனிடம் வந்தார்கள்.

இப்போது தாயாரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தாயாரம்மா என்ற பெயர் இங்கே முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் போனதில் எனக்குப் பங்கு உண்டு. கறி மார்க்கெட்டின் பின்புறம் ஆட்டுக் குடல் கழுவி, சாக்கு விரித்து விற்றவர் அவர். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. சந்தின் நடுவில் இரண்டு அறை வீடு அவருக்கு இருந்தது. படிக்கத் தெரியாது. ஆம்பூரில் அவருடைய தம்பி இறந்துபோனதாக ஒரு கடிதம் வந்திருக்கிறது. சந்தில் படிக்கத் தெரிந்த ஒன்றிரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவார்கள், இவர் திரும்பும் நேரத்தில் தூங்கிவிடுவார்கள். கடிதம் அடுக்குப் பானை மேல் அப்படியே கிடந்தது. ஒருநாள் அதை யாரோ படித்துச் சொன்னபோது தம்பியின் பதினாறாம் நாளே முடிந்து போயிருந்தது.

அந்த வாரம் தாயாரம்மா முன்னறையில் இருந்த சாமான்களை எல்லாம் எடுத்துப் பின்னறையில் போட்டுக்கொண்டார். "படிச்சவங்க நாலு பேரு இங்க வந்து உக்காருங்க. பேப்பர் படிங்க, பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க, இன்னா வேணா பண்ணுங்க. யாரு கடுதாசி எடுத்தாந்தாலும் படிச்சுச் சொல்லணும், அவ்ளோதான்" என்றாராம். நம் சந்தின் படிப்பகம் அப்படித்தான் பிறந்தது. எங்கள் தலைமுறை அதைத் தாயாரம்மா ரூம் என்றுதான் சொல்வோம். அண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்தது அங்கேதான். குடல் வாடையும் புதுப் பேப்பர் வாடையும் சேர்ந்து வரும் என்று சொல்லுவார். தாயாரம்மா இறந்தபோது படிப்பகத்துப் பிள்ளைகள் தூக்கிப் போனார்கள். கருமாதி செய்ய யாரும் இல்லை. மலர் அச்சடிக்கவும் யாரும் இல்லை. அண்ணனின் நோட்டில் இரண்டு பக்கம், முழுதும் மையில், அவரைப் பற்றி இருக்கிறது. வேறு எங்கும் எதுவும் இல்லை.

என்னை அதே சந்தில் நாலு வீடு தள்ளிக் கொடுத்தார்கள். என் மாமனார் தையற்கடை வைத்திருந்தவர், படிப்பகத்தின் செயலாளர். அவரைக் குறைத்துப் பேச என் நாக்கு வராது. தாயாரம்மா போன பிறகு அந்த அறையைத் தினமும் காலையில் திறந்து, தானே பெருக்கி, பேப்பர் போட்டு, கடிதம் கொண்டு வருகிறவர்களுக்குப் படித்துச் சொல்லி, தன் சாவுவரை காத்தவர் அவர். வீட்டு வரியையும் தன் பெயரிலேயே கட்டிவந்தார். ஒரு மனிதரின் மலருக்கு அதுவே போதும். அவர் இறந்ததும் மலருக்கு அண்ணனும் அதைத்தான் எழுதிக் கொடுத்தார். "தாயாரம்மா அவர்கள் மனமுவந்து அளித்த முன்னறையில் இயங்கிய படிப்பகத்தைத் தம் வாழ்நாளெல்லாம் பேணிக் காத்தார்" என்று இருந்தது.

என் கணவரின் அண்ணனை நாங்கள் வீட்டில் மூத்தவர் என்போம். அந்தத் தாளைப் படித்ததும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"இன்னா எழுதிகிறாரு உங்க அண்ணன்? குடல் கழுவறவ வீட்ட எங்கப்பா பெருக்கிட்டு இருந்தாருன்னு அச்சடிச்சு ஊருக்குக் குடுக்கணுமா? என் பொண்ணக் கேட்டு வந்துகிற நேரம் இது. சம்பந்தி வீட்டாளுங்க கையிலயும் இது போவும், தெரியுமில்ல?"

என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மூத்தவர் தாளை என் கையில் திணித்தார். "நீ போய்ச் சொன்னா உங்க அண்ணன் கேப்பாரு. போ" என்றார்.

போனேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். அண்ணன் மறுநாள் வேலைக்குப் போட வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அண்ணியும் மகளும் வெளியே போயிருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரே ஒரு வரிதான் அண்ணா" என்றேன்.

"அந்த ஒரு வரியிலதான பாப்பா அந்தம்மா இருக்காங்க."

"அவங்களுக்கு யாரு இருக்காங்க, வந்து கேக்க?"

"அதனாலதான்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "உனக்கு இன்னா? எழுதிப் போட்டுட்டு நாளைக்குப் பஸ் ஏறிடுவ. அந்த மூஞ்சிங்கள தினமும் நான்தான் பாக்கணும். நான் அந்த வீட்டுல வாழணுமா வேணாமா, சொல்லு!" என்று அழுதேன். அழுகை பொய்யில்லை. ஆனால் அழுதால் அண்ணன் தாங்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். சட்டையை மடித்து வைத்தார். பிறகு, "நீ சொல்லு பாப்பா, இன்னா எழுதணும்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். "தமக்குச் சொந்தமான இடத்தில் படிப்பகம் நிறுவி, அதைச் சந்து மக்களுக்கு அர்ப்பணித்தார்" என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கை அவருடையது, வாய் என்னுடையது. அவர் அதைப் பென்சிலில் எழுதினார் என்பதை அன்று நான் கவனிக்கவே இல்லை. வாங்கிக்கொண்டு நேரே அச்சகத்துக்குப் போனேன். அச்சகத்தில் பென்சிலுக்கும் மைக்கும் வித்தியாசம் கிடையாது. மாமனார் மலரின் மூன்றாம் பக்கத்தில் அந்த வரி கறுப்பாக, அழகாக வந்துவிட்டது.

மூத்தவரின் மகளுக்குக் கல்யாணம் நன்றாகவே நடந்தது. படிப்பகத்துக்கு மாமனார் பெயரில் பலகை மாட்டினார்கள். பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினார்கள். அண்ணன் மட்டும் அன்றிலிருந்து பஸ் நிலையத்துக்குப் படிப்பகம் வழியாகப் போவதை விட்டுவிட்டார். பின்பக்கச் சந்தில் நுழைந்து, கோழிக்கடை வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். "எதுக்கு இந்தப் பிரதட்சணம்?" என்று அண்ணி கேட்டதற்கு, "டாக்டர் நடக்கச் சொல்லிகிறார்" என்றாராம். எந்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டே அவர் சுற்றிப் போவதைப் பல வருஷம் பார்த்தேன்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சந்துகளை ஆட்களுக்குச் சுற்றிக் காட்டும் ஒரு குழுவினர் வந்தார்கள். அண்ணனிடம் இருந்த மலர்களை எல்லாம் படம் பிடித்துக்கொண்டார்கள். நம் சந்தின் கதை ஊருக்குத் தெரியப் போகிறது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த வாரம் முப்பது பேரைக் கூட்டி வந்து படிப்பகத்தின் முன் நிறுத்தி, இது இன்னார் தன் சொந்த இடத்தில் கட்டிக் கொடுத்தது என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் சொன்னார்கள். அண்ணன் கூட்டத்தின் பின்னால் நின்றார்.

"அது தப்பு தம்பி" என்றார்.

வழிகாட்டிய பையன் மரியாதையானவன். "அங்கிள், பிரிண்ட்லயே இருக்குதே. நீங்களே எழுதினது."

"அதான் தம்பி சொல்றேன். நானே எழுதின தப்பு."

கூட்டம் சிரித்தது. பெரியவர் தமாஷ் செய்கிறார் என்று நினைத்து இரண்டு பேர் கைதட்டினார்கள். அண்ணன் வீட்டுக்கு ஓடிப் போய் நோட்டை எடுத்து வந்து தாயாரம்மாவின் பக்கத்தைக் காட்டினார். "கையால எழுதினத ஆதாரமா போட முடியாது அங்கிள், அச்சுல வந்தது வேணும்" என்று அந்தப் பையன் வருத்தத்தோடு சொல்லிவிட்டான். இரண்டையும் எழுதியது ஒரே கைதான். ஆனால் பொய்க்குத்தான் அச்சு கிடைத்திருந்தது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து மூத்தவர் அந்த இடத்தை விற்க முடிவு செய்தார். மாநகராட்சிப் பதிவேட்டில், நாம் கத்தா என்கிறோமே, அதில் மாமனார் பெயர் இருந்தது. வரி கட்டியவர் பெயரில்தானே இருக்கும். தாயாரம்மாவிடம் பத்திரம் என்று ஏதாவது இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. வாங்குகிறவர், பின்னால் தகராறு வரக் கூடாது, இடம் இந்தக் குடும்பத்துக்குச் சொந்தம் என்று சந்துப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார். அதற்காக ஒரு ஞாயிறு காலை படிப்பகத்திலேயே எல்லோரும் கூடினோம். ஆண்கள் உள்ளே பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். நாங்கள் பெண்கள் வாசலில் நின்றோம்.

மூத்தவர் மலரை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் படித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் பேனாவைக் கூடத் திறந்துவிட்டார். அப்போதுதான் அண்ணன் எழுந்தார்.

"இது தாயாரம்மா குடுத்த இடம். சந்துக்குக் குடுத்தது. விக்க யாருக்கும் பாத்தியம் இல்ல. அந்த வரி பொய். நான்தான் எழுதினேன், எனக்குத் தெரியும்" என்றார்.

மூத்தவர் கோபப்படவே இல்லை. நிதானமாகக் கேட்டார். "மச்சான், அன்னைக்கு எழுதினது பொய்யின்னா இன்னைக்குப் பேசறது நெசம்னு எப்படி நம்பறது? நீங்களே சொல்லுங்க."

  மூலையில் இருந்த ஒரு பெரியவர், "யாரு உன்ன எழுதச் சொன்னாங்க? அதச் சொல்லு, பேசலாம்" என்றார். அண்ணன் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சொன்னால் நம்பியிருப்பார்கள். அந்த வீட்டு மருமகளே சொல்கிறாள் என்றால் பேனாவை மூடியிருப்பார்கள். இரண்டு வாய் ஆகியிருக்கும்.

நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் திரும்பிக்கொண்டார். "யாரும் சொல்லல. நானாத்தான் எழுதினேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் எனக்காகச் சொன்ன இரண்டாவது பொய் அது.

கையெழுத்துகள் விழுந்தன. அண்ணன் மட்டும் போடவில்லை. மூன்று மாதத்துக்குள் அறையை இடித்தார்கள். இப்போது அங்கே தகரம் அடித்து வண்டிகள் நிறுத்துகிறார்கள். புத்தகங்கள் பதினோரு சாக்கில் அண்ணன் வீட்டு மச்சில் கிடக்கின்றன. இடித்து முடித்த மறுநாளிலிருந்து அண்ணன் பஸ் நிலையத்துக்கு நேர் வழியிலேயே போக ஆரம்பித்தார். சுற்றிப் போகக் காரணம் இல்லாமல் போய்விட்டது. 

அதன் பிறகு அவர் எந்தச் சாவு வீட்டுக்கும் நோட்டு எடுத்துப் போகவில்லை. மலர் எழுதித் தரச் சொல்லி வந்தவர்களை, "கண்ணு சரியா தெரியல" என்று அனுப்பிவிட்டார். சந்தில் சிலர் அவரைப் பார்த்து, "இது மை வரியா பென்சில் வரியா அண்ணே?" என்று கிண்டல் செய்தார்கள். சிரித்துக்கொண்டே நடப்பார். என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. தீபாவளிக்குப் புடவை வந்தது, பொங்கலுக்குக் கரும்பு வந்தது. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி, அழுது, சமாதானம் ஆகியிருப்போம். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

அப்பாவுக்கு வந்த நெஞ்சு நோய் அவருக்கும் வந்தது. ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தார். ஒரு மதியம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். பிராணவாயுக் குழாயை ஒதுக்கிவிட்டு, "என் மலர யாரு எழுதறதுன்னு தெரியல. யாரு எழுதினாலும் பொய் வேணாம்னு சொல்லிடு பாப்பா. நல்லவரு வல்லவருன்னு எல்லாம் போட வேணாம். பென்சில்ல இருக்கறத மை போட்டுட வேணாம்" என்றார்.

சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. "அண்ணா, அன்னைக்கு மீட்டிங்ல" என்று தொடங்கினேன். "இளநீ வேணும்" என்றார். இறங்கிப் போய் வாங்கி வந்தேன். வந்தபோது தூங்கிவிட்டார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை, அவருக்கு நாளும் இல்லை. அதிலிருந்து ஐந்தாம் நாள் காலையில், அண்ணி முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

அவருடைய பதினாறாம் நாளில் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டபோது அண்ணன் மகள் நோட்டைத் திறந்து, மூன்றோடு நிறுத்தாமல் நான்காவதையும் சேர்த்துக் கணீரென்று படித்தாள். அண்ணனின் கொள்ளுத்தாத்தா பெயர் முனுசாமி இல்லை. அதை அண்ணன் குடியாத்தம் வரை போய் இரண்டு வாய் கேட்டு மையில் எழுதிவைத்திருந்தார். அது முடிந்ததும் நான் இன்னொரு பிண்டம் வைக்கச் சொன்னேன், தாயாரம்மா என்று பெயர் சொன்னேன். "இவங்க உங்களுக்கு இன்னா முறைம்மா?" என்று காரியம் செய்தவர் கேட்டார்.  அண்ணிதான், "எங்க வீட்டுக்காரருக்குப் படிப்பு குடுத்தவங்க" என்றார்.

இந்தக் கட்டுரைக்காக நோட்டுகளை எல்லாம் போன மாதம் எடுத்துப் படித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அண்ணன் ஏதாவது எழுதியிருப்பார் என்று பயந்துகொண்டே தேடினேன். தாயாரம்மாவின் இரண்டு பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. மாமனார் மலரின் அந்த வரியை அப்படியே எழுதி, கீழே மையில், "இது தவறு. எழுதியவன் நான்" என்று போட்டிருந்தார். அதற்கும் கீழே பென்சிலில், "கேட்டுக்கொண்டவர்" என்று ஒரு சொல். அதற்குப் பக்கத்தில் வெறும் இடம்.

யார் என்று அவருக்குத் தெரியாதா? அவர் ஒரு வாய்தான். இன்னொரு வாய் வரட்டும் என்று இடம் விட்டுவைத்திருக்கிறார். எத்தனை வருஷம் அந்தப் பக்கத்தை அப்படியே வைத்திருந்தாரோ, தெரியவில்லை.

இதுவரை எழுதியதை என் கணவரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "எங்க அண்ணன் படிச்சா இன்னா ஆவும் தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். தாளை மேசை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அச்சுக்குக் கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. நான் கொடுக்கிறேன். மூத்தவருக்கும் மரியாதையாக ஒரு பிரதி போகிறது. மாமா, என்ன கோபம் இருந்தாலும் என்னிடம் காட்டுங்கள், உங்கள் தம்பியிடம் வேண்டாம். உங்கள் அப்பா பெருக்கிய அறை அது. பெருக்கியதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். நினைத்த நேரத்தில் ஆட்டோ கொண்டு வந்து அண்ணனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், இருபது நாளும் முறை வைத்து வந்து உட்கார்ந்த பீன்யா நண்பர்களுக்கும், உடம்பைத் தூக்கிச் சுமந்த சந்துப் பிள்ளைகளுக்கும், இந்த மலரை விரைந்து அச்சிட்டுக் கொடுத்த லிங்கராஜபுரத்து அச்சகத்தாருக்கும், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட அண்ணிக்கும், மேடையில் தேடியபோது அப்பா கிடைக்காத அந்தக் குழந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தாயாரம்மாவுக்கும் நன்றி. அவருக்கு மலர் இல்லை. இதையே அவருடைய மலராகவும் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது அச்சில் ஆதாரம் கேட்டால் இதைக் காட்டலாம்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில் என் மாமனாரின் நினைவு மலர் இருக்கும். வீட்டுக்குப் போனதும் எடுத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து, "தமக்குச் சொந்தமான இடத்தில்" என்று தொடங்கும் வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். பக்கத்தில் இடம் இருந்தால் தாயாரம்மா என்று எழுதுங்கள்.

அண்ணனின் நோட்டில் அந்த வெறும் இடத்தில் நேற்று என் பெயரை எழுதினேன். பக்கத்தில் தங்கை என்றும் எழுதினேன். மையில்தான் எழுதியிருக்கிறேன் அண்ணா.